417-க்கு மூன்றாம் அழைப்பு

டிங்... டாங்...

ஆளில்லாத நீதிமன்றக் கட்டடத்தில் ஒலிபெருக்கி திடீரென்று பேசியது.

"வழக்கு எண் நானூற்றுப் பதினேழு. மூன்றாம் கூடம். முதல் அழைப்பு."

மணி 2:17. நட்டநடுப் பகல். சனிக்கிழமை, தேதி பத்து. நீண்ட விடுமுறைக்காக நீதிமன்றம் பூட்டிக் கிடந்தது. நீதிபதி இல்லை, வழக்கறிஞர் இல்லை, வாசல் காவலாளியைத் தவிர ஈ காக்கை இல்லை. முதல் மாடியின் கணினி அறையில் அவள் ஒருத்திதான் இருந்தாள்.

அவள் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை.

பகலில் பேயா என்று சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இது நடந்தது. இதில் வரும் மணி, நிமிடம் எல்லாம் கணினியின் பதிவேட்டில் இருந்தவை. மற்றவை அவள் தன் வாயால் சொன்னவை. சொன்னபோது ஒரு இடத்தில்கூட அவள் தன்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளவில்லை. அதனால்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். விரல்கள் விசைப்பலகையில் ஓடும் வேகத்தைப் பார்த்து, கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர் மின்னல். விளையாட்டுக்கு வைத்தது அவளுடைய பயனர் பெயராகவும் ஆயிற்று. நீதிமன்றம் கொடுத்த தற்காலிக நுழைவு அட்டையிலும் அதையே அச்சடித்துவிட்டார்கள். கழுத்தில் அட்டையோடு அவள் வீட்டுக்குப் போனால் கணவன் விடமாட்டான். துவைத்த துணியை மடித்து வைக்க மூன்று நாள் எடுத்துக்கொள்கிறவளுக்கு இந்தப் பெயரா என்பான்.

வேலை பெரியது. நீதிமன்றத்தின் இணையதளத்தைப் புதுப்பிக்க வேண்டும். உள்ளே எழுத்தர்கள் பயன்படுத்தும் பழைய வழக்கு மென்பொருளைத் தூக்கிவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். எண்ணைத் தட்டினால் வழக்கின் நிலையைக் காட்டும் தொடுதிரை ஒன்று கீழ்க்கூடத்தில். வழக்கை அழைக்க ஒலிபெருக்கி. வழக்கு முடிந்தால் இரு தரப்புக்கும் தானாகவே கடிதம் போகும் வசதியும் உண்டு. அதைச் சொல்லும்போது குழுத் தலைவரின் மீசை தானாக முறுக்கிக்கொள்ளும்.

குழுத் தலைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. அப்புறம் சார். எதைக் கேட்டாலும் அப்புறம் பார்க்கலாம் என்பார். ஒலிபெருக்கிக்கு நல்ல குரல் வேண்டுமே என்றபோது, இப்போதைக்கு உன் குரலைப் பதிவு செய், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்படித்தான் அந்தக் கட்டடம் முழுக்க அவள் குரல் கேட்டது.

ஆமாம். 2:17-க்கு 417-ஐ அழைத்ததும் அவள் குரல்தான்.

அழைப்புப் பதிவேட்டைத் திறந்து பார்த்தாள். நேரம் 2:17:04. வழக்கு 417. அழைத்தவர் என்ற கட்டம் காலி.

அந்தக் கட்டம் காலியாக இருக்கவே முடியாது. பெயர் இல்லாமல் அழைப்பு போகக் கூடாது என்று நிரல் எழுதியவளே அவள்தான்.

வழக்கு 417-ஐத் தேடினாள். தேடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரியும்.

நிலை: முடிந்தது.

முடிந்த வழக்கை அழைக்க முடியாது. ஆனால் அந்த வழக்கு முடியவில்லை என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

பதினைந்து நாள் முன்னால், 26-ஆம் தேதி வெள்ளிக்கிழமை, பழைய மென்பொருளில் இருந்த வழக்குகளைப் புதியதற்கு மாற்றினார்கள். பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் வழக்குகள் ஒழுங்காகப் போயின. அறுபத்து மூன்று மட்டும் வாசலிலேயே நின்றன. காரணம், அடுத்த வாய்தா தேதி காலி.

பழைய மென்பொருளில் இந்த வருட விடுமுறைப் பட்டியலை யாரும் ஏற்றவில்லை. அது பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டு, பல வேலை நாட்களை விடுமுறை என்று அடம்பிடித்தது. அந்தத் தேதிகளைக் கொடுத்தால் ஏற்காது. எழுத்தர்கள் அதோடு மல்லுக்கட்டவில்லை. தேதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, கீழே இருந்த குறிப்புக் கட்டத்தில் தேதியைத் தட்டி வைத்தார்கள். அவர்களுக்குள் அது தெரியும். மென்பொருளுக்குத் தெரியாது.

புதிய மென்பொருள் கண்டிப்பானது. அடுத்த தேதி வேண்டும். இல்லையென்றால் வழக்கு முடிந்திருக்க வேண்டும். நடுவில் ஒன்று கிடையாது.

மாலை 4:50. பள்ளி வாசலில் மகள் காத்திருந்தாள். அறுபத்து மூன்றையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க இரண்டு மணி நேரம் ஆகும். அப்புறம் சாருக்குப் போன் போட்டாள். தேதி இல்லையென்றால் முடிந்த வழக்காகத்தான் இருக்கும், அப்படியே குறித்துவிடு, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

அவள் ஒன்றே ஒன்றைத் திறந்தாள். 417. குறிப்புக் கட்டத்தில் இருந்ததைப் படித்தாள்.

'மனுதாரர் தையல்காரர். கடையும் குடியிருப்பும் ஒன்றே. காலி செய்யத் தடை நீடிக்கிறது. அடுத்த வாய்தா 12.'

படித்தாள். புரிந்தது. மூடினாள். அறுபத்து மூன்றையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, முடிந்தது என்று போட்டாள். ஒரே தட்டு. மின்னல் அல்லவா.

திங்களன்று திருத்திவிடலாம் என்று நினைத்தாள். திங்களன்று வேறு வேலை வந்தது. அந்த வாரமே இணையதளத்தில் ஒரு பிழை கிளம்பியது. வழக்கை முடித்தவரின் பயனர் பெயர் பொதுமக்கள் பார்க்கும் பக்கத்திலும் தொடுதிரையிலும் தெரிந்தது. 'முடித்தவர்: மின்னல்' என்று ஊருக்கே காட்டியது. நீதிபதி ஆகிவிட்டாய் என்று அலுவலகத்தில் கேலி செய்தார்கள். ஐந்தாம் தேதி அந்த வரியை மறைத்தாள். மறைத்தபோதாவது அறுபத்து மூன்றையும் திறந்திருக்கலாம். திறந்தால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அது தலைமைப் பதிவாளரின் அறிக்கையில் போய் நிற்கும். ஒப்பந்தம் போகும். அவள் வேலை அதற்கு முன்னால் போகும்.

வரும் திங்கள் பன்னிரண்டாம் தேதி. விடுமுறை முடிந்து நீதிமன்றம் திறக்கிறது. புதிய தளத்துக்கும் அன்றுதான் திறப்பு விழா.

டிங்... டாங்...

"வழக்கு எண் நானூற்றுப் பதினேழு. மூன்றாம் கூடம். இரண்டாம் அழைப்பு."

மணி 2:31.

நீதிமன்ற வழக்கம் அவளுக்குத் தெரியும். மென்பொருளில் அதைச் சேர்த்ததே அவள்தான். மூன்று முறை அழைப்பார்கள். மூன்றாவதற்கும் ஆள் வரவில்லை என்றால் வழக்கு தள்ளுபடி.

அப்புறம் சாருக்குப் போன் போட்டாள். பின்னணியில் ஏதோ கல்யாண மண்டபச் சத்தம். சின்னப் பிழையாக இருக்கும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒலிபெருக்கிப் பெட்டி கீழ்க்கூடத்தில் இருந்தது. அதன் மின் இணைப்பைப் பிடுங்கிவிடலாம் என்று இறங்கினாள். அவசரத்தில் அலமாரிக் கொக்கியில் கை மாட்டியது. டர்ர்... சட்டைக் கையின் ஓரத் தையல் நான்கு விரல் நீளத்துக்குப் பிரிந்தது.

கூடத்தில் வெயில் சன்னல் கம்பி நிழலைத் தரையில் போட்டிருந்தது. வரிசையாகக் காலி நாற்காலிகள். பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

அப்போதுதான் கவனித்தாள்.

தொடுதிரை எரிந்துகொண்டிருந்தது. யாரும் தொடாமல் இரண்டு நிமிடம் இருந்தால் அது தானாக அணைந்துவிடும்.

திரையில் 417. கீழே, முடிந்தது.

எண்கள் அழிந்தன. திரை வெறுமையாயிற்று. பிறகு...

4...

1...

7...

ஒவ்வொரு எண்ணும் மெதுவாக. பழக்கமில்லாத ஒருவர் ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவது போல.

முடிந்தது.

மறுபடி அழிந்தது. மறுபடி 4...

கண்ணாடியில் நீலமாக ஏதோ படிந்திருந்தது. கிட்டே போய்ப் பார்த்தாள். பொடி. நீலச் சாக்பீஸ் பொடி. 4-இன் மேல் ஒரு விரல் ரேகை. 1-இன் மேல் ஒன்று. 7-இன் மேல் ஒன்று.

துணி வெட்டுவதற்கு முன் கோடு போடுவார்களே, அந்தச் சாக்பீஸ்.

பின்னால் செருமும் சத்தம் கேட்டது.

மூன்றாம் கூடத்துக்கு வெளியே இருந்த பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். சலவை செய்த வெள்ளைச் சட்டை. கழுத்தில் அளவு நாடா. அவளைப் பார்த்ததும் மரியாதையாக எழுந்து நின்றார்.

அவள் இறங்கி வந்தபோது அந்தப் பெஞ்ச் காலியாக இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

"மேடம்... என் நம்பர் கூப்பிட்டாங்களே."

"இன்னைக்கு... கோர்ட் லீவு."

"ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. நான் கேட்டேன்."

அவள் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"பன்னெண்டாம் தேதி வாய்தான்னு சொன்னாங்க. இதுல முடிஞ்சதுன்னு வருது. எனக்கு முடியலையே மேடம்."

குரலில் கோபம் இல்லை. கடன் கேட்டு வந்தவர் போலக் கூச்சம்தான் இருந்தது. அவர் பார்வை அவள் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஒரு கணம் நின்றது. அட்டையைப் படித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாரு முடிச்சாங்க மேடம்?"

மணி 2:38. கூடத்துச் சுவர்க் கடிகாரம் அவர் தலைக்கு மேலேதான் இருந்தது.

நான்தான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்ல வாய் திறந்தாள்.

"தெரியாதுங்க."

அவர் தலையாட்டினார். மெதுவாக. சின்னப் பிள்ளை பொய் சொல்லும்போது பெரியவர்கள் தலையாட்டுவார்களே, அப்படி.

"சரிங்க. இருக்கேன். மூணாவது தடவை கூப்பிடுவாங்கல்ல."

திரும்பப் போனவர் நின்றார். அவள் கையைப் பார்த்தார்.

"தையல் விட்டிருக்கு மேடம்."

அவள் படியேறி ஓடினாள்.

கணினி அறைக் கதவைத் தாழிட்டாள். மூச்சு வாங்கியது. வழக்கு 417. மீண்டும் திற என்ற பொத்தானை அழுத்தினாள். ஒரு கட்டம் எழுந்து வந்தது.

'வழக்கு தவறுதலாக முடிக்கப்பட்டதற்கான காரணம். பொறுப்பானவர் பெயர்.'

தட்டினாள். 'வாய்தா தேதி குறிப்பில் இருந்தது. அதைப் படித்தும்...'

விரல் நின்றது.

திங்கட்கிழமை விழா. வீட்டு வாடகை. மகளின் பள்ளி. அப்புறம் சாரின் முகம். அவரே பார்த்துக்கொள்வார். திங்கள் போகட்டும். விழா முடியட்டும். அப்புறம்...

அழித்தாள்.

ரத்து செய் என்பதை அழுத்தினாள்.

மணி 2:45.

டிங்...

இணைப்பைப் பிடுங்கியாயிற்று. சிவப்பு விளக்கு அணைந்ததை அவள் கண்ணால் பார்த்தாள்.

டாங்...

"வழக்கு எண்... நானூற்றுப் பதினேழு."

அவள் குரல்தான். ஆனால் அழுதுவிட்டுப் பேசுவது போல இருந்தது. அவள் அப்படிப் பதிவு செய்யவில்லை.

"மூன்றாம் அழைப்பு."

அமைதி.

கீழே பெஞ்ச் கிறீச்சிட்டது. யாரோ எழுந்தார்கள்.

சர்ர்... சர்ர்... செருப்பு தேயும் ஓசை.

மூன்றாம் கூடத்தின் பெரிய கதவு திறந்தது. அந்தக் கதவின் சாவி காவலாளியிடம் மட்டும்தான் இருக்கிறது.

பிறகு ஒலிபெருக்கி, அவள் குரலில், அவள் ஒருநாளும் பதிவு செய்யாத இரண்டு வார்த்தைகளைச் சொன்னது.

"மனுதாரர் ஆஜர்."

எப்படி இறங்கினாள், எந்தப் படியில் இறங்கினாள் என்று அவளுக்கு நினைவில்லை. வாசலில் காவலாளி நாற்காலியைச் சாய்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரை விட்டீர்கள் என்று கேட்டாள். காலையிலிருந்து அவளைத் தவிர ஒரு குஞ்சு குளுவான்கூட உள்ளே போகவில்லை என்றார். மூன்றாம் கூடத்தின் சாவியை இடுப்பிலிருந்து எடுத்துக் காட்டினார். ஒலிபெருக்கியா, அப்படி எதுவும் காதில் விழவில்லை என்றார்.

வீட்டுக்கு வந்து பேசாமல் உட்கார்ந்தாள். கணவன் காபியை நீட்டியவன், அவள் கையைப் பார்த்துச் சிரித்தான்.

"பரவாயில்லையே, நீயே தைச்சுக்கிட்டியா? ஆனா வெள்ளைச் சட்டைக்கு ஏன் நீல நூல்?"

குனிந்து பார்த்தாள்.

பிரிந்திருந்த நான்கு விரல் நீளமும் தைத்திருந்தது. நெருக்கமான, பிசிறில்லாத கைத்தையல். முடிச்சுகூட உள்பக்கம். ஓரத்தில் துளி நீலப் பொடி.

அவள் சட்டையைக் கழற்றவில்லை. அழுதாள். பயத்தில் அழுததாகக் கணவன் நினைத்துக்கொண்டான். பயம் அப்போது போய்விட்டிருந்தது. அவள் பொய் தெரிந்தும் காட்டிக்கொடுக்காத ஒருவர், அவள் கிழிசலையும் தைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதுதான் தாங்கவில்லை.

திங்கள் காலை 8:05-க்கு நீதிமன்றத்தில் இருந்தாள். வாசலில் விழாவுக்குப் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அறுபத்து மூன்று வழக்குகளையும் ஒவ்வொன்றாகத் திறந்தாள். குறிப்பைப் படித்தாள். தேதியை உரிய இடத்தில் போட்டாள். ஒவ்வொன்றிலும் காரணம் எழுதினாள். பொறுப்பானவர் என்ற கட்டத்தில் மின்னல் என்று போடவில்லை. பெற்றோர் வைத்த பெயரை எழுதினாள். தலைமைப் பதிவாளருக்கு அறிக்கை போனது. ஐந்து நிமிடத்தில் அப்புறம் சார் போனில் கத்தினார். வாழ்க்கையில் முதல்முறையாக, இப்பவே வா என்றார்.

அவள் போகவில்லை. 417-இன் காகிதக் கட்டைத் தேடிப் பதிவறைக்குப் போனாள். அதில் தையல்காரரின் முகவரி இருக்கும். இன்றைக்கு வாய்தா இருக்கிறது, வாருங்கள் என்று நேரில் போய்ச் சொல்லிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

பதிவறைக் காப்பாளரைத் தூசி அண்ணன் என்பார்கள். எப்போது பார்த்தாலும் தலை, புருவம், மீசை எல்லாம் தூசி. விடுமுறையிலும், சனி ஞாயிறு தவிர, திறந்திருக்கும் ஒரே அறை அவருடையது. வழக்கமாக அவளைக் கண்டால், மின்னல் வந்துவிட்டது, இடி எங்கே என்பார். அன்று எதுவும் சொல்லவில்லை. 417-இன் கட்டு அவர் மேசை மேலேயே, தனியாக, நாடா கட்டி இருந்தது.

தையல்காரர் போய்விட்டார் என்றார்.

முப்பதாம் தேதி கடைச் சொந்தக்காரருக்குக் கணினிக் கடிதம் போயிருக்கிறது. வழக்கு முடிந்தது, தடை நீங்கியது என்று. மறுநாளே அவர் ஆட்களோடு வந்து தையல் இயந்திரம், துணி, படுக்கை எல்லாவற்றையும் தெருவில் போட்டுவிட்டார். ஒன்றாம் தேதி வியாழக்கிழமை தையல்காரர் நீதிமன்றத்துக்கு நடையாக நடந்து வந்தார். அன்று இரவு, பூட்டிய தன் கடையின் வாசற்படியில் இயந்திரத்தில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. காகிதங்களை வாங்க அவருடைய தம்பி வந்தபோதுதான் தூசி அண்ணனுக்கே தெரிந்ததாம்.

ஒன்றாம் தேதி. அவள் அவரைப் பார்த்தது பத்தாம் தேதி.

அன்று அவர் கடைசியாக என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டாள்.

தூசி அண்ணன் கட்டின் நாடாவை அவிழ்த்தார். மறுபடி கட்டினார். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"தொடுதிரைல பாத்துட்டு, 'முடிச்சவர் மின்னல்னு போட்டிருக்கே, அவங்களைப் பாக்க முடியுமா'ன்னு கேட்டாரும்மா... சனிக்கிழமை மத்தியானம் வந்தா தனியா இருப்பாங்க, கேட்டா கண்டிப்பா உண்மையைச் சொல்லுவாங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன்."